மரக்குதிரையின் மூச்சு

"குரல் கொடுக்குறவளுக்கு எதுக்குடி இத்தனை அலங்காரம்? கேக்குறவங்க காதாலதானே கேக்கப் போறாங்க?"

கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மா சிரித்தாள். அலமாரிக் கதவு கிறீச்சிட்டதை வைத்தே மகள் மறுபடியும் உடுப்பு மாற்றுகிறாள் என்று கண்டுபிடித்துவிட்டாள். கண் போன பிறகு அம்மாவின் காதுக்குத் தப்பி அந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்த முடியாது.

"ஏம்மா, நீ மட்டும் காலையிலேர்ந்து பவுடர் டப்பாவைத் தட்டிக்கிட்டு இருக்கியே, அது யாருக்கு?"

"நான் குதிரையைப் பெத்தவ. எனக்கு மரியாதை வேணாமா?"

சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது.

போன வாரம் பெரியவன் வாசலிலேயே நின்று, உட்காரக்கூட நேரமில்லாமல், "இந்தத் தடவை குதிரை நீதான். சத்தியமா!" என்று தங்கையின் தலையில் அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அம்மா அதை மறக்கவில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, பல் டாக்டர், பால் கொண்டுவரும் பெண் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். பல் டாக்டரிடம் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னாளாம்.

பெரியவன் சினிமா டைரக்டர். பேசும் மிருகங்களும் பூதங்களும் வரும் மாயாஜாலப் படங்கள்தான் அவன் பிழைப்பு. அந்தப் பொம்மைகளை ஆட்டுகிறவர்களுக்குப் படப்பிடிப்பின்போது காதில் ஒரு குரல் வேண்டும். வாயை எப்போது திறப்பது, தலையை எப்போது திருப்புவது என்று அந்தக் குரல்தான் சொல்லும். அதற்கு 'கைடு' என்று பெயர். படம் வெளிவரும்போது கைடை அழித்துவிட்டு, பேர் பெற்ற யாராவது வந்து பேசிவிட்டுப் போவார்.

அண்ணன் படங்களில் கிளி, குரங்கு, கிணற்றுப் பூதம், மூன்று தலை வாத்து எல்லாவற்றுக்கும் சின்னவள்தான் கைடு. ஒன்றில்கூட அவள் குரல் மிஞ்சவில்லை. வீடு கட்டும்போது சாரம் இல்லாமல் முடியுமா? கட்டி முடிந்ததும் சாரத்தை யார் வைத்துக்கொள்கிறார்கள்?

ஆனால் இந்தப் படம் வேறு. இது அவர்கள் வீட்டுக் கதை.

ஒரு பழைய கிறிஸ்துமஸ் தேவதைக் கதை. பொம்மைக் கடை ஜன்னலில் ஒரு மரக்குதிரை. கிறிஸ்துமஸ் இரவில் அதற்கு உயிர் வருகிறது. தாயைத் தொலைத்த ஒரு சிறுமியை முதுகில் ஏற்றிக்கொண்டு பனிக்குள் போகிறது. ஆனால் அதற்கு ஒரு சாபம். ஒவ்வொரு சொல் பேசும்போதும் உடம்பில் ஒரு பகுதி மறுபடி மரமாகும். அதனால் பேசும் முன் நீளமாக மூச்சு வாங்கி, பேசத்தான் வேண்டுமா என்று யோசித்துவிட்டுப் பேசும். விடியும் மணி அடிக்கும்போது சிறுமியின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, கடைசி மூச்சுடன் முழு மரமாகிவிடும்.

அப்பா சொன்ன கதை. அவர் மாவு மில்லில் வேலை பார்த்தார். மாலையில் தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்து வந்து நிற்பார். "அப்பா பனியில நடந்து வந்திருக்காரு!" என்று பிள்ளைகள் இரண்டும் குதிக்கும். அப்படியே உட்கார்ந்து குதிரையாகிப் பேசுவார். முதலில் ஓர் இழுப்பு. பாதியில் தடுக்கி நின்று, இன்னோர் இழுப்பு. அதன் பிறகுதான் சொல் வரும். குதிரை அப்படித்தான் மூச்சுவிடும் போல என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது நெஞ்சுக்குள் இறங்கிய மாவு என்று தெரிய வந்தபோது அவர்கள் பிள்ளைகளாக இல்லை.

சின்னவள் குதிரைக்கு அந்த மூச்சைத்தான் கொடுத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, தானாக வந்தது.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"உங்களை மட்டும் இப்பவே கூட்டிட்டு வரச் சொன்னாரு டைரக்டர். சின்ன வேலையாம். அம்மாவை சாயங்காலம் ஷோவுக்கு நானே வந்து அழைச்சிட்டுப் போறேன்."

"பாத்தியா! நீ இல்லாம அங்கே ஒண்ணும் நடக்காது," என்றாள் அம்மா பெருமையாக.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

*

ஸ்டூடியோவின் முன்கூடத்தில் மரக்குதிரையை நிறுத்திவைத்திருந்தார்கள். கழுத்தில் சிவப்பு ரிப்பன். சுற்றிலும் காகிதப் பனி. படப்பிடிப்பு முடிந்து மாதங்களாகியும் அந்தக் காகிதத் துகள் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. படிக்கட்டு, லிஃப்ட், கான்டீன் மேஜை எங்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் குதிரையின் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே கம்பிகள். நான்கு பேர் சேர்ந்து அந்த விலாவை ஏற்றி இறக்குவார்கள், அவள் மூச்சைக் காதில் கேட்டுக்கொண்டே.

ஒலிக்கூடத்தில் சவுண்ட் இன்ஜினியர் தனியாக இருந்தார். ஸ்டூடியோவில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். பக்கத்து அறையில் எறும்பு தும்மினாலும் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுவார். இன்று அவளை நிமிர்ந்து பார்க்காமலே, "வாங்க தங்கச்சி," என்றார்.

"என்ன அண்ணே, ஏதோ சின்ன வேலையாமே?"

"ஒரே ஒரு மூச்சு. கடைசி சீன்ல. அன்னிக்கு ரெக்கார்டிங்ல வெளியே ஒரு லாரி ஹாரன் விழுந்திடுச்சு."

"ஹாரனை எடுக்குறது உங்களுக்கு ஒரு வேலையா?"

"ரெண்டும் ஒட்டிக்கிச்சு தங்கச்சி. ஹாரனை எடுத்தா மூச்சும் கூடவே போயிடுது."

"அவ்வளவுதானே? அந்த சீனையே முழுசா பேசிடுறேன். அந்தப் பொண்ணு பேரைச் சொல்ற இடம் எனக்கே கொஞ்சம் உறுத்தலாத்தான் இருந்துச்சு."

பாம்புக்காது மேஜை மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"வசனம் வேணாம். மூச்சு மட்டும் போதும்."

சின்னவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் திரையின் பக்கம் திரும்பினாள்.

"போட்டுக் காட்டுங்க அண்ணே."

"டைரக்டர் வரட்டும்..."

"போடுங்க."

திரையில் பனி கொட்டியது. குதிரை தலையைத் திருப்பிச் சிறுமியைப் பார்த்தது. விலா ஏறியது. ஓர் இழுப்பு, ஒரு தடுக்கல், இன்னோர் இழுப்பு. அவளுடைய மூச்சுதான். அதன் பிறகு குதிரை வாயைத் திறந்தது. ஊருக்கே தெரிந்த பெரிய நடிகரின் குரல் வந்தது. கனமான, பளபளப்பான, எந்தக் குறையும் சொல்ல முடியாத குரல். வசனம் முடிந்தது. மறுபடி அவள் மூச்சு. மறுபடி அவர்.

படம் முழுக்க அப்படித்தான். சமைத்தவளை அடுப்படியிலேயே நிறுத்திவிட்டு விருந்து நடந்துகொண்டிருந்தது.

"அவரும் மூச்சு விட்டுப் பாத்தாரு," என்றார் பாம்புக்காது மெதுவாக. "விலாவோட சேரலை. குதிரை உங்க மூச்சுக்கு ஆடினது. வேற யாரு விட்டாலும் அது குதிரையா இல்லை, கட்டையாயிடுது."

கதவு திறந்தது. பெரியவன் கையில் இரண்டு டீ கப்போடு வந்தான். திரையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். ஒரு கப்பை அவள் பக்கம் நீட்டினான்.

"சர்க்கரை கம்மியா போடச் சொன்னேன். உனக்குப் பிடிச்ச மாதிரி."

"எப்ப முடிவாச்சு?"

"முதல்ல டீயைக் குடி."

"எப்ப அண்ணா?"

"ஷூட்டிங் முடிஞ்ச கையோட." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அவர் குரல் இருந்தாத்தான் கிறிஸ்துமஸுக்குத் தியேட்டர் கிடைக்கும்னு முதலாளி ஒத்தைக் கால்ல நிக்குறாரு. வரிசையா மூணு படம் படுத்திடுச்சு எனக்கு. இதுவும் போனா என்னை வாட்ச்மேன்கூட உள்ளே விடமாட்டான்."

"சரி. அது உன் தொழில். போன வாரம் எதுக்கு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினே?"

பெரியவன் டீ கப்பை மேஜையில் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"பண்ணலைன்னா இன்னிக்கு நீ வந்திருப்பியா?"

பாம்புக்காது எழுந்து போய் மூலையில் இருந்த வயரைச் சுற்ற ஆரம்பித்தார். ஏற்கெனவே சுற்றிவைத்திருந்த வயர்.

"நல்லாத்தான் அரைக்குறே அண்ணா மிளகாயை. தலைதான் என்னோடது." அவள் குரல் உயரவில்லை. "அப்ப என் மூச்சையும் அழிச்சிடு. கறிவேப்பிலைதானே நான்? முழுசாத் தூக்கிப் போட்டுடு."

"முடியாது. படத்துக்கு உயிரே அதுதான். பார்த்தவங்க எல்லாரும் அந்த மூச்சைத்தான் சொல்றாங்க. நன்றி போடுற இடத்துல உன் பேரும் வருது."

"கேமராவுக்குக் குடை பிடிச்சவங்களோட சேர்த்தா?"

"பாப்பா..."

"அது யாரோட மூச்சுன்னாவது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதா? நானும் அந்த வீட்டுலதான் வளர்ந்தேன். நானும் அந்த மடியிலதான் உட்கார்ந்து கதை கேட்டேன். அப்பா மூச்சுன்னு தெரிஞ்சதாலதான் விடமாட்டேங்குறேன்."

அந்தக் குரலில் உண்மை இருந்தது. சின்னவளுக்கு அதுதான் இன்னும் கசந்தது.

"அப்ப கடைசி மூச்சை நீயே விடு. மைக் இருக்கு, இன்ஜினியர் அண்ணன் இருக்காரு. போ."

பெரியவன் அசையவில்லை.

"எப்படி விடுவே? நீ கேட்டதே இல்லையே!"

அப்பா போன அன்று பெரியவன் முதல் படத்தின் வேலையாக வெளியூரில் இருந்தான். "கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்," என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான், கிளம்பவில்லை. கட்டிலருகே சின்னவளும் அம்மாவும் மட்டும். அம்மாவின் கை அப்பாவின் நெஞ்சின் மேல். ஓர் இழுப்பு, தடுக்கல், இன்னோர் இழுப்பு. பிறகு நின்றுவிட்டது. முடிந்தது என்று இருவரும் நினைத்தபோது, கதவைச் சாத்தினோமா என்று பார்க்கத் திரும்பி வந்தவர் மாதிரி, மூன்றாவதாக ஒரு சின்ன இழுப்பு. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அந்தக் கடைசிக் காட்சிக்குக் கைடு பேசிய அன்று, அது எங்கிருந்தோ அவள் வாயில் வந்துவிட்டது. பிறகு பாத்ரூமுக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. லாரிக்காரன் அதன் மேல்தான் ஹாரன் அடித்திருக்கிறான்.

"தர மாட்டேன்," என்றாள்.

"ஒரு நிமிஷ வேலை."

"தெரியும். ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"அம்மா சாயங்காலம் வராங்க. அவங்களுக்காகவாவது..."

"அம்மாவை இழுக்காதே! தெரு முழுக்க என் பொண்ணுதான் குதிரைன்னு சொல்லிட்டு வராங்க. படம் ஆரம்பிக்கும் முன்னாடி உன் வாயால அவங்ககிட்ட சொல்லிடு. அது போதும் எனக்கு."

"சொல்றேன்," என்றான் பெரியவன். பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பி, எதுவும் நடக்காததுபோல், "இன்னிக்கு அந்த இடத்தை மூச்சில்லாமலே ஓட்டிடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு வெளியே போனான். இரண்டு டீயும் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தன.

சின்னவள் பையை எடுத்தாள்.

"தங்கச்சி," என்றார் பாம்புக்காது, வயரைப் பார்த்தபடியே. "நீங்க பேசின குதிரை முழுசா என்கிட்ட இருக்கு. அழிக்கச் சொல்லி உத்தரவு வந்து நாளாச்சு. எனக்குக் காது நல்லா இருக்கிற அளவுக்கு ஞாபகம் பத்தாது பாருங்க. மறந்துட்டே இருக்கேன்."

*

முன்னோட்டக் காட்சிக்கு ஸ்டூடியோவின் சின்னத் தியேட்டர். படத்தில் வேலை செய்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் முதலாளி. நடுவில் அம்மா, ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மகள். அம்மா இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?" என்று சின்னவள் அம்மாவின் தலைக்கு மேலாகக் கண்ணால் கேட்டாள். பெரியவன் திரையைப் பார்த்தான். திரையில் இன்னும் எதுவும் ஓடவில்லை.

விளக்கு அணைந்தது.

பொம்மைக் கடை. பனி. சிறுமி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கிறாள். மணி அடிக்கிறது. குதிரையின் விலா மெல்ல அசைகிறது.

ஓர் இழுப்பு. தடுக்கல். இன்னோர் இழுப்பு.

அம்மாவின் விரல்கள் சின்னவளின் கையை இறுக்கின. "வந்துட்டே!" என்று கிசுகிசுத்தாள்.

குதிரை பேசியது. ஆண் குரல்.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தாள். மறுபடி மூச்சு, மறுபடி வேறு குரல். திரை இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, மகள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஏதோ இடம் மாறி உட்கார்ந்துவிட்டவள் போல.

"நீ மூச்சு வாங்குறது கேக்குது," என்றாள். "பேச மாட்டேங்குறியேடி?"

சின்னவள் அம்மாவின் காதருகே குனிந்தாள். "படத்தைக் கேளும்மா," என்றாள்.

அம்மா மறுபடி திரையின் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விரல்கள் இறுகின. ஒவ்வொரு சொல்லுக்கும் தளர்ந்தன. படம் முழுக்க சின்னவள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவன் பக்கத்துக் கை அசையவே இல்லை.

கடைசிக் காட்சி. பனி நின்றுவிட்டது. சிறுமி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். விடியும் மணி. குதிரை அவள் பெயரைச் சொல்கிறது. பெரிய நடிகர் அழகாகத்தான் சொன்னார். விலா ஏறுகிறது. நிற்கிறது. ஏறுகிறது.

ஒலி இல்லை.

திரையில் ஒரு மரப்பொம்மையின் விலாவை யாரோ கம்பியால் ஏற்றி இறக்குவது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ நெளிந்தார்கள். நாற்காலி கிறீச்சிட்டது.

அப்போது அம்மா மூச்சுவிட்டாள்.

காத்திருந்த மூச்சு வராமல் போக, பொறுக்க முடியாமல் அவளே எடுத்துக்கொடுத்ததுபோல் இருந்தது. ஓர் இழுப்பு. தடுக்கல். இன்னோர் இழுப்பு. பிறகு நிசப்தம். தியேட்டரே அந்த நிசப்தத்தில் உறைந்து உட்கார்ந்திருக்க, மூன்றாவதாக, சின்னதாக, கதவு வரை வந்து திரும்பிப் போன அந்த இழுப்பு.

குதிரை மரமானது.

ஒருவரும் கைதட்டவில்லை. ஒப்பனைக்காரப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விளக்குகள் எரிந்ததும் கடைசி வரிசையிலிருந்து முதலாளியின் குரல்தான் முதலில் வந்தது.

"டைரக்டர்! கடைசியில வந்துச்சே ஒரு மூச்சு... அதுதான்யா படம்! அதை மட்டும் விட்டுடாதீங்க!"

பெரியவனின் முகம் வெளுத்திருந்தது. கண்ணில் நீர் நின்றது. அது பொய் இல்லை. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் கடைசி மூச்சைக் கேட்டிருக்கிறான். சின்னவள் அவனைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அண்ணன் மேல் கை வைக்கலாமா என்றுகூட நினைத்தாள்.

பெரியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அம்மாவின் பக்கம் குனிந்தான்.

"அம்மா... நாளைக்குக் காலையில ஸ்டூடியோவுக்கு ஒரு நிமிஷம் வர முடியுமா? இப்ப விட்டியே, அதே மாதிரி ஒரே ஒரு தடவை."

"அண்ணா!" என்றாள் சின்னவள்.

அம்மா மகன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவளுடைய பார்வையில்லாத கண்கள் எங்கேயோ நிலைத்திருந்தன.

"குதிரை பேசினது யாருடா?" என்று கேட்டாள்.

"பெரிய நடிகரும்மா. நான் உன்கிட்ட அப்புறமா சொல்லலாம்னு..."

"சரி." அம்மா தலையாட்டினாள். பிறகு மகனின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "வரேன்."

"அம்மா, நான் அதைத் தரமாட்டேன்னு சொல்லிட்டேன்மா. உனக்குத் தெரியுமா? காலையில ரெக்கார்டிங் ரூம்ல..."

"பாவம்டி," என்றாள் அம்மா. "அன்னிக்கு அவன் இல்லையே. அவன் கேட்டு நான் எதை இல்லைன்னு சொல்லியிருக்கேன்?"

சொல்லியதில்லைதான். சின்னவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லியதில்லை. கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து, கேட்காதவள் பக்கம் திரும்பும்போது அம்மாவின் கை எப்போதும் காலியாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக அம்மாவின் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். எழுந்தாள். பின்சுவரில் புரொஜக்டர் அறையின் சின்ன ஜன்னலுக்குப் பின்னால், அவள் பேசிய குதிரையை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் பாம்புக்காது நின்றுகொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கமாகப் படியேறினாள். செருப்பில் ஒட்டியிருந்த காகிதப் பனி படிக்கட்டில் உதிர்ந்துகொண்டே வந்தது.

தியேட்டர் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அம்மா பக்கத்து நாற்காலியில் தடவித் தடவி அந்தக் கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.